புயல் சின்னமும் மகளின் படகும்

என் மகளும் மருமகனும் சொந்தப் பாய்மரப் படகிலேயே அந்தமான் பக்கம் குடித்தனம் நடத்துகிறார்கள்.

இன்று திருச்சுழி கோயிலுக்குப் போகையில், பஸ்ஸில் அவள் போன் வந்தது.
"அம்மா, புயல் சின்னமாம். நாங்க இன்னும் கரை சேரல. அது கலைஞ்சு போகணும்னு வேண்டிக்க."

போனை வைத்ததும், மானாவாரியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் கூட வந்த பக்கத்து வீட்டுச் செல்வி சொன்னாள்.
"மதினி, புயல் வருதாம்ல? நம்ம பக்கம் திரும்பணும்னு சாமிகிட்டச் சொல்லுங்க. பயிர் கருகுது."

சன்னதியில் கைகூப்பி நின்றேன். திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டேன்.

வெளியே வந்ததும், "கேட்டீகளா மதினி?" என்றாள்.
"கும்பிட்டேன்" என்றேன்.

காற்றை நிறுத்திவிட்டு மழையை மட்டும் அனுப்பு என்றால், சாமிக்கே வேலை சொல்லித் தருவதாகிவிடும். நீங்களாக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?