தேவையில்லாத இரண்டு காற்புள்ளிகள்

எங்கள் கண்காணிப்பாளரின் சட்டைப்பையில் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று, மூச்சிழுப்புக்கான இன்ஹேலர். இன்னொன்று சிவப்பு மைப் பேனா. நான் எழுதிக் கொடுக்கும் ஆங்கில வரைவைக் கையில் வாங்கியதும் முதலில் இன்ஹேலரை எடுத்து இழுப்பார். பிறகு பேனாவின் மூடியைத் திறப்பார். அந்த மூடி திறக்கிற சின்னச் சத்தத்துக்கே எனக்குப் பல் கூசும். ஐந்து நிமிடத்தில் என் தாள் அம்மை போட்டதுபோல் திரும்பி வரும். ஒரு சொல்லைக்கூட மாற்றியிருக்க மாட்டார். கண்ட இடத்திலெல்லாம் காற்புள்ளி வைத்திருப்பார்.

"மூச்சு வாங்குத எடத்துல கமா, மூச்சு நிக்குத எடத்துல புல்ஸ்டாப். இங்கிலீசுக்கு இது போதும்மா" என்பது அவருடைய இலக்கணம். மிஷன் பள்ளியில் படித்தவர் என்ற பெருமை வேறு. பாவம், அவருக்கு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று ஜன்னல் வழியாக வரத் தொடங்கினால் இழுப்பு கூடும். கடிதங்களில் காற்புள்ளியும் கூடும். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. கோப்புகளை எடுத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

காற்புள்ளியோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சக ஊழியர் ஒருவரின் தாயார் இறந்தபோது அனுப்பிய இரங்கல் கடிதத்தின் முடிவில், ஏதோ பரிசு விழுந்தவரைப் பாராட்டுவதுபோல் ஓர் ஆச்சரியக்குறி வைத்தார். ஓய்வு பெற்ற ஓட்டுநருக்குக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழில் 'நேர்மையான' என்ற சொல்லை மட்டும் இரட்டை மேற்கோளுக்குள் அடைத்தார். அழுத்தம் கொடுக்கத்தான் அப்படிச் செய்தாராம். ஆங்கிலத்தில் அதைப் படிப்பவர்கள், நேர்மையைப் பற்றி ஏதோ குத்திக் காட்டுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஓட்டுநர் அதைச் சட்டம் போட்டுச் சாத்தான்குளத்து வீட்டின் முன்னறையில் மாட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நான் போய் வாதாடினேன். "நேத்து வந்த பிள்ளை நீ" என்பார். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

எங்களுடையது சின்னக் கிளை. கண்காணிப்பாளரே பொறுப்பு, அவருக்குக் கீழே பதினொரு பேர். சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போகிற எல்லாக் கடிதமும் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். நான் எழுதுவேன், அவர் திருத்துவார், தட்டச்சர் அக்கா அடிப்பார்.

அக்காவுக்கு ஊர் களக்காடு. கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். விடியும் முன்பே எழுந்து, அவரைக் குளிப்பாட்டிக் கஞ்சி கொடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு முதல் பேருந்தில் ஏறுவார். ஆனாலும் எங்களில் முதலில் வந்து அலுவலகத்தைத் திறப்பது அவர்தான். களக்காட்டிலேயே இருந்த எங்கள் துறையின் கிளையில் ஓர் இடம் காலியானபோது மாறுதல் கேட்டு விண்ணப்பித்திருந்தார். பட்டியலில் பெயர் வருவது உறுதி என்று எல்லோரும் சொன்னோம்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி திடீர் ஆய்வுக்கு வந்தார். அன்று மூன்று பேர் தாமதமாக வந்தார்கள். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அறிக்கை கேட்டார்கள். நான் ஒரே வரியில் எழுதினேன்: The staff who came late have been warned. தாமதமாக வந்த பணியாளர்கள் எச்சரிக்கப்பட்டார்கள். அவ்வளவுதான். அது சிவப்பு மையில் திரும்பி வந்தது: The staff, who came late, have been warned. இரண்டே இரண்டு காற்புள்ளிகள். இப்போது அதன் பொருள், பணியாளர்கள் எல்லோருமே தாமதமாக வந்தவர்கள் என்பது.

எனக்கு அது பார்த்தவுடனே தெரிந்தது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் வேறொரு கடிதத்துக்காக அரை மணி நேரம் மன்றாடித் தோற்றிருந்தேன். போகட்டும், சென்னையில் படித்துச் சிரிக்கட்டும், அப்போதாவது இவருக்குப் புத்தி வரட்டும் என்று நினைத்தேன். தாளை அப்படியே அக்காவின் மேசையில் வைத்தேன். அவர் அடித்தார், கண்காணிப்பாளர் கையெழுத்திட்டார், கடிதம் போய்விட்டது.

சென்னையில் யாரும் சிரிக்கவில்லை. ஏன் தாமதமாக வந்தீர்கள் என்று விளக்கம் கேட்டுப் பதினொரு பேருக்கும் மெமோ அனுப்பினார்கள்.

"மெட்ராஸ்ல இங்கிலீசு தெரியாத பயலுவளா உக்காந்திருக்கானுவ" என்று கண்காணிப்பாளர் குதித்தார். நான் அலுவலகப் பிரதியை எடுத்துக்கொண்டு போய், காற்புள்ளியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை படித்துக் காட்டி, இரண்டுக்கும் பொருள் சொன்னேன். முதலில் முறைத்தார். பிறகு தாளைத் தானே வாங்கி, உதடு அசையப் படித்தார். "ரெண்டு கமாவா இவ்வளவும் செஞ்சிட்டு?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டார். வருகைப் பதிவேட்டின் நகலோடு, 'அந்தக் காற்புள்ளிகளை வைத்தவன் நானே' என்று தன் கைப்பட எழுதிய கடிதமும் கொண்டு போனார். தலைமை அலுவலகத்தில் மாடி மாடியாக ஏறி இறங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் நெஞ்சு விசிலடிக்கத் திரும்பி வந்தார். எல்லா மெமோக்களும் ரத்தாகியிருந்தன. ஆனால் மாறுதல் பட்டியல் அதற்குள் வெளியாகியிருந்தது. மெமோ நிலுவையில் இருந்ததால் அக்காவின் பெயரை எடுத்துவிட்டார்கள். களக்காட்டு இடத்துக்கு வேறு யாரையோ போட்டிருந்தார்கள்.

அவர் நேராக அக்காவின் மேசைக்குத்தான் போனார். "எம்மா, தப்பு என் மேலதான். மன்னிச்சிரு" என்றார். எழுந்து நின்ற அக்கா, "சரி சார், உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்றார்.

அவர் போனதும் நான் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆறு வருட எரிச்சல் எனக்குள் ஜெயித்துவிட்டிருந்தது. "நான் அன்னைக்கே பாத்தேன்க்கா, அந்தக் கமா தப்புன்னு" என்றேன்.

அக்காவின் விரல்கள் நின்றன. "அன்னைக்கே பாத்தியா?"

"ஆமாக்கா."

"அவருக்குத் தெரியாது, போட்டாரு. தாள்ல இருக்கதை அடிக்கது என் வேலை, நான் அடிச்சேன். ஒனக்குத் தெரியும்லா பிள்ள? நீ ஏன் வாயத் தொறக்கல?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் திரும்ப அடிக்கத் தொடங்கினார்.

இதிலிருந்து கண்காணிப்பாளர் எதையாவது கற்றுக்கொண்டார் என்று நினைக்க வேண்டாம். மறுவாரமே பழையபடி தாளில் சிவப்பு தெளித்தார். ஓய்வு பெற்ற பிறகும், இன்றுவரை, தினமும் காலையில் என் கைபேசிக்கு 'குட்' என்ற சொல்லுக்கும் 'மார்னிங்' என்ற சொல்லுக்கும் நடுவே காற்புள்ளி வைத்து வணக்கம் அனுப்புகிறார். மாறியது நான்தான். அதன்பின் ஒரு காற்புள்ளியையும் விடவில்லை. நாளுக்கு எட்டு முறை அவர் மேசைக்குப் போனேன். "ஒரு கமாவுக்கு இப்படி உசிர எடுக்கியேம்மா" என்று அலுத்துக்கொள்வார். திட்டுவார். பாதியைத்தான் எடுப்பார். மறுபாதிக்கு மறுபடி போவேன்.

எட்டு மாதம் கழித்து, களக்காட்டில் மறுபடி ஓர் இடம் காலியாகி, அடுத்த பட்டியலில் அக்காவுக்கு மாறுதல் கிடைத்தது. பணியிலிருந்து விடுவிக்கும் உத்தரவை அக்காவே அடித்தார். கையெழுத்துக்குக் கொண்டு போகும் முன் என் மேசையில் வைத்து, "நல்லாப் பாரு" என்றார். மூன்று முறை படித்தேன். அவர் பெயருக்கும் ஊருக்கும் நடுவே அல்ல, வாக்கியத்தின் கடைசியில், யார் கண்ணுக்கும் படாத ஓர் இடத்தில், கண்காணிப்பாளர் வரைவில் வைத்த தேவையில்லாத ஒரு காற்புள்ளி இருந்தது. அதனால் பொருள் எதுவும் கெடவில்லை. களக்காட்டுப் பேருந்துக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு எழுந்து, கண்காணிப்பாளரின் மேசைக்குப் போனேன்.