திமோருக்குப் போக ஒரு காரணம்

என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது பாதுகாப்புத் துறைக்குச் சாமான் செய்து கொடுக்கிற ஒரு மத்திய அரசு நிறுவனத்தில். அங்கே யாராவது வெளிநாடு போக வேண்டுமென்றால் முதலில் ஒரு ஃபாரம் கொடுக்க வேண்டும். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எங்கே தங்குவாய், எதற்குப் போகிறாய் என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்வி. 'எதற்கு' என்ற கட்டத்தில் அவர் 'சுற்றுலா' என்று எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் ஃபாரம் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: ஏன் இந்த நாடு?

இத்தனைக்கும் நான் கேட்டது சந்திர மண்டலம் இல்லை. கிழக்குத் திமோர். ஆஸ்திரேலியாவின் தலைமாட்டில் இருக்கிற ஒரு தீவின் பாதி. செகந்திராபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக நான் புவியியல் நடத்துகிறேன். மேப் வேலையில் பிள்ளைகள் இந்தோனேசியாவுக்குப் பச்சை அடித்துக்கொண்டே போய், இந்தப் பாதித் தீவையும் சேர்த்துப் பூசிவிடுவார்கள். வருஷா வருஷம் சிவப்பு மையால் அதைச் சுழித்து, "இது தனி நாடு" என்று எழுதுவது நான்தான். எழுதி எழுதியே அந்த ஊர் எனக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டது. அக்டோபரில் அதன் கரையை ஒட்டித் திமிங்கிலங்கள் போகும் என்று எங்கோ படித்தேன். அக்டோபரில்தான் எங்களுக்குத் தசரா லீவு. வேறென்ன வேண்டும்?

"மேம், நீங்க எந்தெந்த கன்ட்ரி போயிருக்கீங்க?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை கேட்கும். உலகம் பூராவையும் போர்டில் வரைந்து காட்டுகிறவள், நேபாளம்கூடப் போனதில்லை என்று எப்படிச் சொல்வது? பேச்சை மாற்றி அட்சரேகைக்குப் போய்விடுவேன். என் முதல் பாஸ்போர்ட் பத்து வருஷம் பீரோவில் கிடந்து, ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியானது. இரண்டாவது, வருகிற ஜூலையில் முடிகிறது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வேறு முனக ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது ஒன்று எடுத்து அதையும் பீரோவில் படுக்க வைக்கிற பொறுமை சத்தியமாக என்னிடம் இல்லை. இந்த லீவில் போனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதை அவரிடமும் இதே வார்த்தைகளில்தான் சொன்னேன்.

ஆரம்பத்திலிருந்தே ஒருத்தர்கூட ஒத்துழைக்கவில்லை. அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரின் மாடியில் டிராவல் ஏஜென்ட் ஒருவர் இருக்கிறார். ஊரின் பெயரைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "திமோர் கைக்கு மேடம்? பாலி ஜாவோ, மஸ்த் ஹை" என்று, திமோர் எதற்கு, பாலி போனால் ஜோர் என்கிற மாதிரி, பாலியின் படங்களாகத் திருப்பிக் காட்டினார். நக்கோ, வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்ததாகத் தாய்லாந்தை எடுத்தார். கச்சிபௌலியில் வேலை பார்க்கும் எங்கள் மகள், நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள், "எந்துக்கம்மா ஈ தலநொப்பி?" என்றாள். இந்தத் தலைவலி எதற்காம். அவள் மேனேஜருக்கு ஒரு மெயில் தட்டிவிட்டு, மறுவாரம் தாய்லாந்து போய்விட்டு வந்தவள். பேச மாட்டாளா பின்னே!

தென்காசியிலிருந்து அவருடைய அண்ணன் ஃபோன் செய்து, "அங்க கோயில் ஏதும் இருக்கா?" என்று விசாரித்தார். எங்கள் குடும்பத்தில் லீவு என்றால் எல்.டி.சி.தான்; டிக்கெட்டுக்கு அரசாங்கம் காசு கொடுக்கும், போகிற இடம் சொந்த ஊர், பார்க்கிறது குலதெய்வம். இருபத்தெட்டு வருஷமாக இதே கூத்து. கடலைப் பார்த்ததுகூட ராமேஸ்வரத்தில், ஈரப்புடவையோடு, யாரோ அவசரப்படுத்திக்கொண்டிருக்கும்போது.

ஃபாரத்துக்கு வருகிறேன். அந்தப் பென்சில் வரியை அவர் கோர்ட்டு சம்மன் மாதிரி கொண்டுவந்து காட்டினார்.

"கேக்குறாங்க பாரு. என்னன்னு எழுதறது?"

"என் பொண்டாட்டி ஆசைப்படறான்னு எழுதுங்க."

"விளையாடாதே."

"திமிங்கிலம் பார்க்கன்னு எழுதுங்க."

"அதைப் படிச்சா செக்யூரிட்டி ஆபீஸர் என்னைப் பத்தி என்ன நினைப்பார்?"

அவர் கெட்டவர் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் பயந்தவர். எந்த ஃபாரத்திலும் எதிர்க்கேள்வி வராத மாதிரி எழுதுவதையே ஒரு வித்தையாகப் பழகியவர். அவர் எழுதிய லீவு லெட்டர் எதிலும் 'சொந்த வேலை' என்பதைத் தவிர வேறு காரணமே இருந்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கும் அதேதான். இப்போது ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம். "கடைசி நேரத்துல எதுக்கு வம்பு? சிங்கப்பூர்னா உடனே கையெழுத்து ஆயிடும். யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க" என்று இழுத்தார். சிங்கப்பூருக்கு யார் ஆசைப்பட்டது? எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒரு வழியாகப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி, ஒரே பதில். "என்னாச்சு?" "மேலே போயிருக்கு." மேலே, மேலே என்றால் எவ்வளவு மேலே? மூன்று வாரம் இப்படியே போனது. ஸ்கூலில் லீவு தேதியை அறிவித்துவிட்டார்கள். ஏஜென்ட்டோ, சிங்கப்பூர் வழியாகப் போகிற விமானத்தில் இடம் குறைந்துகொண்டே வருகிறது என்று இரண்டு நாளைக்கு ஒரு முறை ஃபோன் போட்டார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, அவரிடம் சொல்லாமல், நேராக அவருடைய ஆபீஸ் வாசலுக்கே போய்விட்டேன்.

வாசலை ஒட்டி ஒரு ரிசப்ஷன் அறை. செல்ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செக்யூரிட்டி ஆபீஸரைப் பார்க்க வேண்டும் என்றேன். அரை மணி நேரம் கழித்து அவரே வெளியே வந்தார். நெற்றியில் குங்குமம் வைத்த மனிதர், என் வயதுதான் இருக்கும். புலியை எதிர்பார்த்துப் போனவளுக்கு, "உட்காருங்கம்மா, டீ சாப்பிடறீங்களா?" என்று தெலுங்கில் கேட்டது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். உள்ளே ஃபோன் செய்து விசாரித்துவிட்டு வந்தார். "அந்த ஃபாரம் எங்ககிட்ட இல்லையேம்மா. சார்கிட்டதான் இருக்கு. நாங்க கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை."

"கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினது நீங்கதானே?"

"அது எல்லாரையும் கேக்கறதுதான். சும்மா பார்க்கப் போறோம்னு ஒரு வரி எழுதினாப் போதும், அன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுவேன்."

மூன்று வாரமாக அந்த ஃபாரம் என் வீட்டுக்காரருடைய பைக்குள் ஆபீஸுக்குப் போய், அதே பைக்குள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. நான் தினமும் அந்தப் பையிலிருந்துதான் டிஃபன் டப்பாவை எடுத்துக் கழுவுகிறேன்.

"சரி, அவர் இன்னைக்கே எழுதிக் குடுத்தா எங்க ரெண்டு பேருக்கும் எப்போ பர்மிஷன் கிடைக்கும்?" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். "ரெண்டு பேருக்கா? சாருக்குத்தான்மா பர்மிஷன். நீங்க இங்கே வேலை பார்க்கலையே. உங்களுக்கு எதுக்கு?"

"குடும்பத்துக்கும் சேர்த்துத்தானே?"

"இல்லையேம்மா. நீங்க எங்கே வேணா போகலாம், எப்போ வேணா போகலாம். எங்களுக்குச் சொல்லக்கூட வேண்டாம். என் மனைவி ரெண்டு தடவை அமெரிக்கா போய்ட்டு வந்துட்டாங்க, நான்தான் இன்னும் போகலை" என்று சிரித்தார்.

டீ வந்தது. குடித்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை.

சாயங்காலம் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டேன். "எனக்குப் பர்மிஷன் வேண்டாம்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, "தெரியும்" என்றார்.

"எப்பேர்ந்து?"

"எப்பவுமே தெரியும். நீ கேக்கவே இல்லையே."

அடப்பாவி மனுஷா! அந்த நிமிஷம் எனக்குத் திமோர் ஞாபகம் வரவில்லை. மஸ்கட்தான் ஞாபகம் வந்தது. என் தங்கை கல்யாணமாகி அங்கே போனாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டாள். "அக்கா, நீயாவது வாயேன், எனக்கு வேற யாரு இருக்கா?" என்று ஃபோனில் அழுதாள். அந்த முதல் பாஸ்போர்ட்டை நான் எடுத்ததே அதற்காகத்தான். அவரிடம் கேட்டபோது, "எங்க ஆபீஸ்ல ரொம்பக் கஷ்டம்" என்றார். அதையே நானும் தங்கையிடம் சொன்னேன். அவர் ஆபீஸ்ல விட மாட்டாங்கம்மா, நான் என்ன பண்ணட்டும்? கடைசியில் பக்கத்து வீட்டு மலையாளி அம்மாதான் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"அப்பவும் தெரியுமா?" என்றேன்.

"பாப்பா அப்ப யு.கே.ஜி. நீ மூணு மாசம் போயிட்டா வீட்டை யாரு பாத்துக்கறது? விட மாட்டாங்கன்னு நான் சொல்லலை. கஷ்டம்னுதான் சொன்னேன்."

கத்தினேன். பக்கத்து ஃப்ளாட்காரர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது ஒரு வசதி. அவர் தலையைக் குனிந்துகொண்டே பையைத் திறந்து ஃபாரத்தை எடுத்தார். "திங்கக்கிழமையே எழுதிக் குடுத்துடறேன். ரெண்டு பேரும் போவோம்" என்றார். உங்களுக்கு வேணும்னா எழுதிக்குங்க, எனக்காக எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டேன். அழுகையும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவர் மேல் கோபம் பாதி என்றால் என் மேல் பாதி. பிள்ளைகளுக்கு எதையும் கேள்வி கேட்டுக் கற்றுக்கொள்ளச் சொல்கிறவள், இந்த ஒரு கேள்வியை எவரிடமும் கேட்கவில்லையே.

மறுநாள் சனிக்கிழமை, மெட்ரோ ஏறி அமீர்பேட் போனேன். ஏஜென்ட் வழக்கம்போலப் பாலியைத் திறக்கப் போனார். "ஒரு டிக்கெட். திமோர்" என்றேன்.

"ஒண்ணுதானா? சார்?"

"சார் நக்கோ" என்றேன். அவர் அதற்கப்புறம் பாலியைப் பற்றிப் பேசவில்லை.

டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் தங்கைக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பொங்கலுக்கு ஒரு மெசேஜ், தீபாவளிக்கு ஒரு மெசேஜ், அவ்வளவுதான். மாடிப்படியில் நின்றுகொண்டே ஃபோன் செய்து, நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். பர்மிஷன் எனக்கு வேண்டவே வேண்டாமாம்டி, எனக்கே நேத்துதான் தெரியும், அப்பவே தெரிஞ்சிருந்தா நான் ஓடி வந்திருப்பேன் என்றேன்.

பின்னால் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அவள் நிறுத்துவது கேட்டது.

"நிஜமாவே உனக்குத் தெரியாதாக்கா?" என்றாள். "எங்க பில்டிங்ல ஒருத்தியோட அக்கா வீட்டுக்காரருக்கும் அத்தான் ஆபீஸ் மாதிரி ஒரு ஆபீஸ்லதான் வேலை. அந்த அக்கா வந்து நாலு மாசம் இருந்து பிரசவம் பாத்துட்டுப் போனாங்க. உனக்கு வர இஷ்டமில்லை, நீ சாக்குச் சொல்றேன்னு நான் நினைச்சுட்டேன். அதான் அதுக்கப்புறம் உன்னை எதுக்கும் கூப்பிடலை."

எதுக்கும் கூப்பிடவில்லை, ஆமாம். பையனுடைய முதல் பிறந்தநாளை நான் ஃபோட்டோவில்தான் பார்த்தேன். கிருகப்பிரவேசம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் எனக்குச் சேதியே வந்தது. கல்ஃப் காசு வந்ததும் தங்கச்சிக்குத் திமிர் ஏறிவிட்டது என்று பத்தொன்பது வருஷமாகச் சொந்தக்காரர் ஒருத்தர் விடாமல் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.