ஒளு முறியாமல் காத்தவன்

என் மனைவி ஏரிப் படியில் வழுக்கி விழும்போது என் பக்கமாகக் கையை நீட்டினாள். நான் என் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

எட்டவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எட்டியது! ஒரு முழத் தூரம்கூட இல்லை. அவளைத் தொட்டால் தொழுகைக்காக நான் செய்திருந்த ஒளு முறிந்துவிடும், அதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது என்று ஆறு வருஷமாக அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தெரியும். நன்றாகவே தெரியும். இதைச் சொல்லத்தான் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

ஒளு என்றால் தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் சுத்தமாவது. ஒருமுறை செய்துகொண்டால் அது முறியாதவரை தொழலாம். முறிந்தால் மறுபடி கழுவிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம்... அவ்வளவேதான்!

நான் பிறந்தது சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு சேரியில். மாரப்பன் என்று பெயர். பெங்களூர் ரோட்டில் லாரிகள் பெருகத் தொடங்கியபோது ஓசூருக்கு வந்து, லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் சேர்ந்தேன். முதலாளி தெற்கே கடற்கரை ஊர்க்காரர். மரைக்காயர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒரு பெருநாளன்று அவர் வீட்டில் சகன் வைத்தார்கள். பெரிய தட்டு நிறையச் சோறு, சுற்றி நான்கு பேர். என்னை இழுத்து உட்கார வைத்து, "கைய வைங்க தம்பி, ஆறிடப் போவுது" என்றார். என் கை இருந்த தட்டில் அவர் கையும் இருந்தது.

வீட்டுக்கு வந்து முனியம்மாவிடம் அதை மட்டும் நாலு தடவை சொன்னேன். அவள் என் அத்தை மகள். நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் அவளுக்கு மாமாதான். "அப்ப நாமளும் அங்கியே போயிடலாம் மாமா" என்றாள்.

போனோம். நான் இப்ராஹிம் ஆனேன், அவள் ஆமினா ஆனாள். ஆமினா என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கவே ஒரு மாதம் பிடித்தது! இன்றைக்கும் கோபம் வந்தால் மட்டும் நான் முனி என்பேன். அவளும் உடனே மாரப்பா என்பாள்.

மார்க்கத்தில் சேர்ந்த மறுநாளிலிருந்தே புத்திமதிகள் ஆரம்பித்தன. மறுபடி நிக்காஹ் செய்தாக வேண்டும் என்றார் மரைக்காயர். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஸ்ரத்தோ, இருவரும் சேர்ந்துதானே வந்தீர்கள், பழைய கல்யாணமே போதும் என்றார். ஹஸ்ரத் இந்த ஊர்க்காரர், வீட்டில் உருது பேசுபவர். ஆமினா இரண்டையும் கேட்டுவிட்டு, "வேணும்னே சொல்லு மாமா, ஒரு சீலையாச்சும் வரும்" என்றாள். அம்மா வீட்டில் வாய் நனைக்கக் கூடாது என்று எண்ணெய்க் கடை பாய் மிரட்டினார். தாயைப் போய்ப் பார்க்காமல் இருப்பதுதான் பாவம் என்றார் ஹஸ்ரத். "எங்கம்மா ஊத்துற கூழு என்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு அவள் சூளகிரிக்குப் பஸ் ஏறிப் போய், வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தாள்.

அவள் கணக்கு எளிது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், எதில் மனுஷருக்கு நோவு குறைச்சலோ அதைப் பிடித்துக்கொள்வாள்.

நான்? எது கடினமோ அதைப் பிடித்தேன். புதிதாக வந்தவன் இல்லையா! பிறவியிலேயே முஸ்லிமான ஒருவன் தொழுகைக்குப் பிந்தினால் சோம்பேறி என்பார்கள். நான் பிந்தினால் பழைய புத்தி போகவில்லை என்பார்களோ என்ற பயம். பயம் மட்டும்தானா? இல்லை. "இப்ராஹிமைப் பாருங்க, என்ன பேணுதல்!" என்று நாலு பேர் முன்னால் மரைக்காயர் ஒருநாள் சொன்னார். அந்தப் பேச்சு எனக்கு வெல்லமாக இனித்தது...

மனைவியின் கை பட்டாலும் ஒளு முறியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கடற்கரைக்காரர்கள் பின்பற்றும் ஷாபி வழியில் அப்படித்தான். அதில் தப்பொன்றும் இல்லை. அன்று முதல் ஒளு செய்துவிட்டு நான் வந்தால், ஆமினா சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "தள்ளிக்கோ, தள்ளிக்கோ, தொழுவுற ஆளு வருது!" என்று கேலி செய்து வழிவிடுவாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே பெருமையும் படுவேன்.

அவள் படியில் விழுவதற்கு ஒரு மாதம் முன்பு இதைப் பற்றி ஹஸ்ரத்திடம் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க ஹனபி வழியில பீவி கை பட்டா ஒளு போவாது பேட்டா. உங்க முதலாளி சொன்னதும் அவங்க வழிக்குச் சரிதான். உனக்குச் சந்தேகமா இருந்தா மறுபடி கழுவிக்கோ. தண்ணிக்கா பஞ்சம்?" என்றார். எவ்வளவு லேசான பதில்! அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆமினாவுக்கு மார்க்கம் அப்போது என் வாய் வழியாகத்தான் போய்ச் சேரும். அந்த வாயை மூடிக்கொண்டேன். லேசான வழி தெரிந்தால் என் பேணுதலுக்கு என்ன மதிப்பு?

அந்த வெள்ளிக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. ஏரியில் ஒளு செய்துவிட்டு நான் படியேறினேன். ஆமினா குடத்தோடு எதிரே இறங்கி வந்தாள். கரைமேல் மரைக்காயரும் இன்னும் மூன்று பேரும் பள்ளிக்குக் கிளம்பி எனக்காக நின்றிருந்தார்கள். பாசிப்படி. அவள் கால் சறுக்கியது. "மாமா!" என்றாள்.

நான் அந்த நேரத்தில் எதைப் பார்த்தேன் தெரியுமா? அவள் முகத்தையா? இல்லை! தலையை நிமிர்த்திக் கரைமேல் நின்றவர்களைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையை இழுத்தேன். உடம்பு தானாகச் செய்தது என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

வலது மணிக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டு அவளைத் தூக்கச் சொன்னேன். பிறகு... பிறகு தொழப் போனேன். ஆம், போனேன்! முதல் வரிசையில் நின்றேன்.

கரையில் நின்றவர்களுக்கு அவள் விழுந்தது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. சாயங்காலம் கடையில், ஒளுவைக் காப்பாற்றிக்கொண்டதை நானே மரைக்காயரிடம் சொன்னேன். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். "ஏண்டா மடையா, விழுறவளைப் பிடிக்க வேணாம்னு எந்தக் கிதாபுல போட்டிருக்கு? புடிச்சுட்டு இன்னொருக்கா கழுவினா ஆச்சு! நான் உனக்கு இதையா சொல்லிக்கொடுத்தேன்?" என்றார். அதுவரை என்னை வா, போ என்றுகூட அவர் பேசியதில்லை.

எந்த வழியிலும் நான் செய்ததற்கு இடமில்லை. பின்னே, யார் பேச்சைக் கேட்டு நான் கையை இழுத்தேன்?

வீட்டில் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆமினா பல்லைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பண்ணை வூட்டம்மா மோரு ஊத்துறப்ப, நம்ம சொம்பு பட்டுடுமோன்னு கைய வெடுக்குனு தூக்குவாளே... அதே மாதிரி தூக்கிக்கின மாமா!" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். குத்திக்காட்டும் குணமே அவளுக்குக் கிடையாது. என் முகம் போன போக்கைப் பார்த்து, "உனுக்குச் சட்டம் அப்பிடி, நீ இன்னா பண்ணுவ?" என்று அவளே சமாதானமும் சொன்னாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசற்படிபோல வாய்ப்பு எதிரிலேயே இருந்தது. நான் சொன்னது இதுதான்: "ஆமா புள்ள. வேற எதுவும் எனக்குத் தெரியலை."

எலும்பு கோணலாகச் சேர்ந்தது. அந்தக் கையை அவளால் முழுதாக மடக்க முடியாது. களி கிண்ட முடியாது. நான்தான் கிண்டுகிறேன், ஆறு வருஷமாக. "எந்த ஊர்ல ஆம்பள களி கிண்டுறான்? எங்க ஊட்டுக்காரரு கிண்டுவாரு!" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். என் களியில் கட்டி விழுந்தால், பிள்ளைகளுக்குத் தெரியாமல் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். இப்படிப்பட்டவளிடம் எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்!

பக்கத்து வீட்டுப் பெண்கள், எங்களுக்கெல்லாம் கை பட்டால் முறியாதே என்று சொன்னதுண்டு. "எங்க ஊட்டுக்காரரு வழி வேற" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். இன்றைக்கும் நான் ஒளுவோடு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்குகிறாள். வலது கை இப்போது சரியாகப் பின்னால் போவதில்லை. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள். நான் கலிமா சொல்லி இந்த மார்க்கத்துக்கு வந்தவன், பொய் எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரிந்தவன். தெரிந்தும் அவளைக் கடந்து நடந்து போகிறேன்.

ஆறு வருஷம் மூடி வைத்ததை இன்றைக்கு ஏன் திறக்கிறேன் என்று கேட்பீர்கள். நேற்று நடந்ததால்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எங்களைப் போலவே புதிதாக வந்திருக்கிறார்கள். அவனும் எங்கள் கடையில்தான் வேலை செய்கிறான். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாசம். ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் இன்னொன்று சொல்கிறார் என்று குழம்பிப்போய் ஆமினாவிடம் கேட்க வந்தாள். நான் முற்றத்தில் தார்ப்பாய்க்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தேன்.

"ஒளுவோட இருக்கிறப்ப அவரு மேல உன் கை படக் கூடாதும்மா" என்றாள் ஆமினா, பரிவாக.

"தலை சுத்தி விழப்போனாக் கூடவா அக்கா?"

"கூடத்தான். எங்க ஊட்டுக்காரரு என்மேல உசுரையே வெச்சிருக்காரு. அவரே என்னியப் புடிக்கல, பாத்துக்க" என்று கோணல் மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். அவள் குரலில் அத்தனை பெருமை!

அந்தப் பெண் மணிக்கட்டைப் பார்த்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பிடியாண்ணா?"

வாயைத் திறந்தேன். ஆமினா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.