கொக்குவிலில் ஒரு வெளிநாடு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தொண்டைமானாற்றில் கடற்றொழில். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். பரிமாற்றப் புலமைப்பரிசில் கிடைத்து ஆராய்ச்சிக்காக வெளிநாடு போனபோது, அதிலிருந்த நிபந்தனையை நான் வீட்டில் ஒருவருக்கும் சரியாக விளங்கப்படுத்தவில்லை. படிப்புக் காலம் முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் வசிக்க வேண்டும். வசித்ததற்குச் சான்று காட்டினால்தான் மறுபடி அங்கே வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். என் பேராசிரியர் அதுவரை ஆய்வுகூடத்தில் எனக்கு ஓர் இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

அங்கே இருந்த காலத்தில் விசா விஷயத்தில் நான் மிகக் கவனம். வீடு மாறினால் அந்தக் கிழமையே பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அறிவித்துவிடுவேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தன் கடையில் சனி ஞாயிறு வந்து நிற்கச் சொன்னபோது, வெளியே வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லை என்று மறுத்தேன். "உவ்வளவு பயந்த ஆள் ஏன் தம்பி பிளேன் ஏறினனீர்?" என்று சிரித்தார். நான் ஊர் திரும்பப் போவது தெரிந்ததும் அவரே ஃபோன் எடுத்தார்.

"விசரே உமக்கு? இஞ்சை வந்தவன் ஆர் திரும்பிப் போனவன்? பேசாமல் அசூல் அடியும்."

அசூல் அடிப்பது என்றால் அகதி என்று அடைக்கலம் கேட்பது. எங்கள் ஊரிலிருந்து போனவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவர்களுக்கு அதற்கான காரணமும் இருந்தது. எனக்கு இருந்தது நான் கையெழுத்து வைத்த ஒப்பந்தம். விமானம் ஏறிவிட்டேன்.

என்னைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வந்து இறங்கிய கிழமையே ஊர் முடிவு கட்டிவிட்டது. கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த அப்பாவிடம் ஒருவர் வந்து, "பெடியனை எந்த எயார்போட்டிலை வைச்சுப் பிடிச்சவங்கள்?" என்று அக்கறையாக விசாரித்தாராம். அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"அங்கை ஏதும் களவெடுத்தனியோ?"

"இல்லை அம்மா."

"பின்னை ஏன் போகச் சொன்னவங்கள்?"

"இந்தத் திட்டத்திலை போன எல்லாரும் திரும்பி வரத்தான் வேணும்."

"போகச் சொன்னவங்களோ இல்லையோ?"

"சொன்னவங்கள்."

"அப்ப சனம் சொல்லுறது சரிதானே."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சிக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா எங்கள் தெருவிலேயே இருப்பவர். அவர்தான் பேச வந்தார். "தமையன் வெளிநாட்டிலைதானே?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. "ஓம் ஓம், லீவிலை வந்து நிண்டவன், திரும்பிப் போட்டான்" என்றார் அம்மா. நான் அடுத்த அறையில் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மறுநாள் விடியமுன்னம் அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, யாழ்ப்பாண நகரத்துக்குக் கிட்ட உள்ள கொக்குவிலில் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார். இறக்கிவிட்டபோது, "அவளின்ரை காரியம் முடியட்டும்" என்றார்.

சின்னம்மாவின் பிள்ளைகள் கனடாவில். வீட்டைச் சுற்றி ஆளுயர மதில், முன்னால் இரும்புக் கேற்று. "மதிலுக்கு மேலாலை தலை தெரியப்படாது. ஊர்ச்சனம் இந்தப் பக்கம் வந்துபோறது. கேற்றுத் தட்டிக் கேட்டால் பின்னறைக்கு ஓடு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தொண்டைமானாற்று நீரேரியில் மாதாமாதம் தண்ணீர் எடுத்து உப்பளவு பார்ப்பது என்ற என் திட்டம் அத்தோடு நின்றது. பழைய அளவீடுகளைக் கணினியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுத் தெருவில் பொலிஸைக் கண்டு ஒருநாளும் ஒதுங்காதவன் நான். என் கடதாசிகள் எல்லாம் சரியாக இருந்தன. கொக்குவிலில் பால்காரர் கேற்றைத் தட்டினாலும் சாப்பாட்டுக் கோப்பையோடு எழுந்து ஓடினேன்.

தங்கச்சியின் கலியாணத்தையும் நான் அந்தப் பின்னறையிலிருந்துதான் பார்த்தேன். நான் இருப்பதாகச் சொன்ன நாட்டில் அப்போது குளிர்காலம். கலியாணத்துக்குப் புறப்படமுன் சின்னம்மா அலுமாரியிலிருந்து தன் மகனின் தடித்த ஜக்கற்றை எடுத்துத் தந்தார். அங்கே இரவு என்பதால் யன்னல்களைச் சாத்தி லைற்றைப் போட்டேன். சத்தம் கேட்கும் என்று மின்விசிறியை நிறுத்தினேன். வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து வீடியோ அழைப்பை எடுத்தேன். மண்டபத்தில் ஃபோன் கைக்குக் கை மாறியது.

"என்ன தம்பி, சரியான குளிரோ?"

"ஓம் ஐயா, ஐஸ் கொட்டுது."

நாடியிலிருந்து வியர்வை சொட்டியது. அந்த நேரம் பின்வளவுக்கு அப்பாலிருந்த தண்டவாளத்தில் கொழும்புக் கோச்சி கூவிக்கொண்டு போனது.

"அங்கத்தைக் கோச்சியும் எங்கடை கோச்சி மாதிரித்தான் கத்துது!" என்று அவர் பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்லிச் சிரித்தார். அவர் எங்கள் ஊர்க் கிராம அலுவலர். ஊரில் விதானையார் என்பார்கள். தாலி கட்டும் நேரம் ஃபோன் வைத்திருந்தவரை யாரோ இடித்துவிட்டார்கள். எனக்கு மண்டபத்தின் கூரைதான் தெரிந்தது.

கலியாணம் முடிந்த பிறகும் வெளியே வர முடியவில்லை. புதுச் சம்பந்தம், கொஞ்சம் பொறு என்றார் அம்மா. இரண்டு வருடம் நிறையும்போது விசாவுக்கு எழுதினேன். கடவுச்சீட்டிலுள்ள முத்திரை மட்டும் போதாது, ஊரில் வசித்ததாக உள்ளூர் அலுவலரின் சான்றிதழும் வேண்டும் என்று பதில் வந்தது. கொக்குவிலில் எனக்குப் பதிவு இல்லை. விதானையாரிடம்தான் போக வேண்டியிருந்தது.

"அட, எப்ப வந்தனீர்?"

"நான் போகேல்லை ஐயா. கொக்குவிலிலைதான் இருந்தனான்."

"பகிடி விடாதையும். கலியாணத்தண்டு நான் உம்மோடை கதைச்சனானெல்லோ? ஐஸ் கொட்டுது எண்டது ஆர்?"

கடவுச்சீட்டைக் காட்டினேன். வந்த முத்திரை இருந்தது, போன முத்திரை இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் ஒருத்தருக்கும் பொய்க்குக் கையெழுத்து வைச்சதில்லைத் தம்பி. நீர் திரும்பிப் போட்டீர் எண்டு என்னட்டைச் சொன்னது உம்மடை அம்மா. அவவே வந்து இல்லையெண்டு சொல்லட்டும். இப்பவே எழுதித் தாறன்."

அம்மாவிடம் கேட்டேன். மறுக்கவே இல்லை. "ஓம் வாறன். என்ரை வாயாலை சொன்னது, நானே சொல்லுறன்" என்றார். நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்தார்.

தன் அலுவல் ஒன்றுக்காக வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா அலுவலக வாங்கில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். தங்கச்சி அப்போது பிள்ளைத்தாச்சி. எங்களைக் கண்டதும் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்கோ அம்மா, பெடியன் எப்ப வந்தவர்?" என்றார் விதானையார்.

அம்மா பெரியப்பாவின் பக்கம் ஒருமுறை பார்த்தார். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினார். என்னைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லியிருப்பார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பார்.

"போன கிழமை வந்தனான் ஐயா," என்றேன் நான்.

விதானையார் என்னைப் பார்த்தார், பிறகு வாங்கைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"அப்பிடியே எழுதட்டோ? பிறகு மாத்தேலாது."

"ஓம் ஐயா."

"இந்த முறை எத்தினை நாள் லீவு தம்பி?" என்று கேட்டார் பெரியப்பா. கொஞ்ச நாள் நிற்பேன் என்றேன். "நல்லது, நல்லது. ஒருநாள் வீட்டை வந்து சாப்பிட்டுப் போம்" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார். "இனி நீ வீட்டிலையே இருக்கலாம், என்ன?" என்று கேட்டார். ஆறுதலாகத்தான் கேட்டார்.

போன கிழமைதான் வந்ததாக எழுதியிருந்த அந்தச் சான்றிதழை நான் யாருக்கும் அனுப்பவில்லை. தாமதமாகும் என்று மட்டும் பேராசிரியருக்கு எழுதினேன். அன்பான பதில் வந்தது. காத்திருக்க வழியில்லை, அந்த இடத்துக்கு வேறொருவர் வருகிறார் என்று எழுதியிருந்தார். இப்போது பகல் வெளிச்சத்தில் தெருவால் நடந்து நீரேரிக்குப் போகிறேன், போத்தலில் தண்ணீர் எடுக்கிறேன். கண்டவர்கள் சைக்கிளை நிறுத்தி, "எப்ப தம்பி பயணம்?" என்று கேட்கிறார்கள். ஊரைப் பொறுத்தவரை நான் லீவில் நிற்கிறேன். அந்த லீவு எப்போது முடிகிறது என்று அம்மா இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.