கண்காட்சியில் தின்ற மண்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிகிறவன் நான். புதுக்கோட்டையில் ஒரு நாள் வெயிலுக்கு ஒதுங்கி, ஒரு கலைக் கண்காட்சிக்குள் நுழைந்தேன். சிறுவயது நினைவுகள் வரும்படி, தொடவும் முகரவும் பொருட்களை வைத்திருந்தார்கள். ஒரு தட்டில் தண்ணீர் தெளித்த செம்மண் இருந்தது.

"மோந்து பாருங்கண்ணே, மழை ஞாபகம் வரும்" என்றாள் அங்கிருந்த பெண்.

எனக்கு மழை ஞாபகம் வரவில்லை; எச்சில் ஊறியது. அடுத்த நொடி பல்லிடுக்கில் மண் நறநறத்தது. எப்போது அள்ளி வாயில் போட்டேன் என்றே தெரியவில்லை.

"அய்யய்யோ, துப்புங்க!" என்று பதறினாள் அந்தப் பெண்.

பக்கத்தில் நின்ற சிறுமி கைகொட்டிச் சிரித்தாள். "அம்மா, இந்த மாமாவும் என்னைய மாதிரியே மண்ணு திங்கிறாரு!"

"வாய மூடுடி! சூடு வச்சும் புத்தி வரலையா ஒனக்கு?" என்று அவள் அம்மா கையை ஓங்கினாள்.

"அடிக்காதீங்கக்கா. சின்ன வயசுல என்னையும் அடிச்சாங்க, இந்தப் பழக்கம் நிக்கல. ரத்தம் கம்மியா இருந்தாலும் இப்படித் திங்கத் தோணும்னு பெறகு ஒரு டாக்டர் சொன்னாரு. ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றேன்.

ஓங்கிய கை இறங்கியது. "நெசமாவா?" என்று கேட்டபடி, மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்திருந்தது.

மண் தின்று வளர்ந்ததை அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. அன்று எல்லோர் கண்ணெதிரிலும் தின்றிருக்காவிட்டால், அந்தப் பிள்ளைக்காகக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.