ஒன்பதாம் மாத ஊசி

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே வாரத்தில் பிள்ளை பிறந்தது. எனக்குப் பெண், அவளுக்குப் பையன். அடையாற்றங்கரையில் எதிரெதிர் வீடு. ஊசி போட வேண்டிய புதன்கிழமைகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் சுகாதார நிலையத்துக்கு நடந்தே போவோம்.

என் மகளுக்கு ஏழு மாதம் நடக்கும்போது ஆற்றை ஒட்டிய வரிசையைக் காலி பண்ணச் சொன்னார்கள். என் வீடு அந்த வரிசையில் இருந்தது. அவள் வீடு தப்பித்தது. எங்களுக்கு ஊருக்கு வெளியே ஆறாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். சாமான் ஏற்றிய அன்று அவள் அழுதாள். அழுதுவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள் பாருங்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை.

மயிலாப்பூரில் ஒரு வீட்டில் பார்த்துவந்த சமையல் வேலையை நான் விடவில்லை. விடிவதற்குள் பஸ் ஏறினால் திரும்ப நாலு மணி ஆகும். அதுவரை மகளைப் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வார். புதிய இடத்திலும் புதன்கிழமை ஊசி உண்டு, ஆனால் நான் வருவதற்குள் முடிந்துவிடும். ஒரு நாள் லீவு கேட்டேன். "இந்த மாசம் வேணாமே," என்றார் அந்த மயிலாப்பூர் வீட்டம்மா. அடுத்த மாதம் நான் கேட்கவில்லை.

ஓரகத்தி போன் செய்தாள். "அக்கா, ஒம்பதாம் மாச ஊசி போட்டுக்கினு வந்தேன். பாப்பாக்குப் போட்டாச்சா?"

"போட்டாச்சு," என்றேன். ஏன் பொய் சொன்னேன்? அவளுக்கு எல்லாம் வாசலிலேயே கிடைக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை என்று அவளிடமே ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. என் பஸ் தினமும் அவள் தெருமுனையில் நின்றுதான் போகும். மகளை அங்கே விட்டிருந்தால் அவளே கூட்டிப்போயிருப்பாள். தெரிந்தும் நான் இறங்கவில்லை.

பதினோராம் மாதம் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. கண் சிவந்து, முகமெல்லாம் தடிப்பு. ஆஸ்பத்திரிக்கு ஓரகத்தியும் ஓடி வந்தாள். டாக்டர் தட்டம்மை என்றார். "ஒன்பது மாச ஊசி போட்டீங்களாம்மா?"

"போட்டாச்சு சார்," என்று எனக்கு முந்திக்கொண்டு அவள் பதில் சொன்னாள்.

"இல்ல சார்," என்றேன் நான்.

அவள் என்னைத் திட்டவில்லை. வராந்தாவுக்கு வந்த பிறகுதான் கேட்டாள். "ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் தூக்கினு போயிருப்பேனே அக்கா. எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

எட்டு நாள் அங்கேயே இருந்தோம். மகள் பிழைத்துக்கொண்டாள், ஆனால் உடம்பு தேற இரண்டு மாதம் ஆனது. விட்டுப்போன ஊசியையும் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேறியதும் ஒரு புதன்கிழமை காலை அவள் தெருமுனையில் இறங்கி மகளைக் கொடுத்தேன். சாயந்திரம் வந்தபோது ஊசி போட்டாகிவிட்டது, மகள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

நன்றி சொல்லத்தான் நினைத்தேன். அவள் மகன் கொழுகொழுவென்று வாசலில் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.