குடிலுக்குள் வந்த வெள்ளம்

எங்கள் வீட்டில் பதினோரு மாதம் அம்மாவின் ஆட்சி. டிசம்பர் பிறந்தால் அத்தையின் ஆட்சி. முன்னறையில் பாதியைக் கிறிஸ்துமஸ் குடிலுக்கென்று அவர் வளைத்துப் போட்டுவிடுவார். சோபாவை எங்கே தள்ளுவது, விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது, யார் எந்த வழியாக நடப்பது எல்லாம் அவர் இஷ்டம்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பெயிண்ட் பிரஷ்ஷை நீட்டி நீட்டி அவர் போடும் உத்தரவுக்கு அப்பாகூட வாய் திறக்கமாட்டார். அத்தை அப்பாவுக்கு அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருக்குக் கால்கள் போயிருந்தன. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று அம்மா சொல்வார், அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

டத்தோ கிராமாட்டில் ஆற்றுப்பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. அத்தை வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுத்தார். தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். எங்கள் சந்தில் வாய்ப்பாடு தெரிந்த அத்தனை பேரும் அவரிடம் திட்டு வாங்கியவர்கள் என்று சொல்லிவிடலாம்.

மற்ற வீட்டுக் குடில்களில் பெத்லகேம் இருக்கும். அத்தையின் குடிலில் எங்கள் சந்து இருக்கும். பெத்லகேமை நானும் பார்த்ததில்லை, நீயும் பார்த்ததில்லை, பார்த்த ஊரைச் செய்வோம் என்பார். சிமெண்டுப் பை காகிதத்தைக் கசக்கிக் கஞ்சி தடவி மேடு பள்ளம் செய்வார். ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு முளைக்க வைத்துத் திடல். வெள்ளித் தாளில் ஆறு. தீப்பெட்டிகளில் வீடுகள், சூராவ் என்கிற சின்னப் பள்ளிவாசல், சீனக் கோயில், சோடா மூடிகளில் நாற்காலி போட்ட காப்பிக்கடை. இடையர்கள் லாரி நிற்கும் இடத்தில் ஆடுகளோடு நிற்பார்கள். மாட்டுத் தொழுவம் மட்டும் எங்கள் வீடு இருக்கும் இடத்தில், எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கும். உண்மையில் சந்திலேயே தாழ்வான வீடு எங்களுடையதுதான். அதை யாராவது சுட்டிக்காட்டினால் அத்தைக்குக் கோபம் வரும்.

"குழந்தை இயேசுவைக் கொண்டுபோய்ப் பள்ளத்துலயா படுக்கப் போடுவே?"

நான் நான்காம் ஆண்டு படித்தபோது அந்த நவம்பரில் வெள்ளம் வந்தது. விடியும் நேரம். மழையோடு கடலேற்றமும் சேர்ந்துகொள்ள, ஆற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் அடுப்படிப் பக்கமாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்ததைக் கண்டு நான் சிரித்தேன், அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன். பெரியவர்களுக்கு இடுப்பளவு, எனக்குக் கழுத்தளவு. சக்கர நாற்காலி எந்த மூலையில் முங்கியது என்றே தெரியவில்லை. அப்பாவும் காப்பிக்கடை அங்கிளும் மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவின் இரண்டு மகன்களுமாகப் பின்னறைக் கதவைக் கழற்றி, அதன்மேல் அத்தையைப் படுக்க வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு பெரிய சாலைவரைக்கும் நடந்தார்கள். மாடி வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். அம்மாவின் முதுகில் தொற்றிக்கொண்டிருந்த என் தோளில் கிடந்த துண்டை அத்தை கேட்டு வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். மழை கண்ணில் அடிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளம் வடிந்து, சேற்றை அள்ளி, நனைந்த மெத்தைகளை வெளியே போட்ட பிறகு அத்தையின் வாய் ஓய்ந்திருந்தது. டியூஷனில்கூட யாரையும் திட்டவில்லை. பிள்ளைகள் பயந்துபோனார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஊறுகாய் கேட்கிற குரலில் அப்பாவிடம் சொன்னார்.

"அடுத்த தடவ தண்ணி வந்தா என்னய விட்டுட்டுப் போயிருங்க தம்பி. இன்னொருக்கா நான் கதவுல ஏறமாட்டேன்."

அப்பா பாதித் தட்டில் எழுந்துவிட்டார். அத்தை சொன்னால் செய்வார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் விஷயம் வேறு மாதிரிப் புரிந்தது. கதவின் தாழ்ப்பாள் முதுகில் குத்தியிருக்கும் என்று முடிவுசெய்து, அதைக் கழற்றிவிடச் சொல்லி அப்பாவை இரண்டு நாள் நச்சரித்தேன்.

அந்தக் கதவு தண்ணீரில் ஊறிப் பருத்துப் பழைய நிலையில் பொருந்தவில்லை. தூக்கிப்போட மனமில்லாமல் அத்தை அதையே குடிலுக்குப் பலகையாக்கிவிட்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்து, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சூராவ் வளாகத்தில் கொட்டகை போட்டுக் கூட்டம். சந்து முனையிலிருக்கும் பழைய திடலில் டேவான் கட்டப் போகிறார்களாம். கல்யாணத்துக்கும் பேட்மிண்டனுக்கும் ஆகிற பொதுமண்டபம், வெள்ளம் வந்தால் எல்லாரும் தங்கவும் அதுதான். திட்டம் போடும் பெண் அதிகாரி திரையில் படங்களோடு வந்திருந்தார். சின்ன வயது. கடல் ஏறுகிறது, ஒரு மாத மழை ஒரே நாளில் பெய்கிறது, இனி எதைக் கட்டினாலும் தண்ணீரை மனத்தில் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று நன்றாகவே சொன்னார். அதற்கு உங்களிடமிருந்து ஒரு விஷயம் தெரிய வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து முதலில் வருகிறது, எந்த வழி முதலில் அடைபடுகிறது என்று கேட்டு, நீலமும் மஞ்சளுமாக ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். அதில் அவரவர் வீட்டைக் கண்டுபிடிக்கவே யாராலும் முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். பேச்சு குப்பை லாரிக்குப் போய், தெருநாய்க்குப் போய், யாரோ ஒருவர் வீட்டு மாமரத்தில் வந்து நின்றது.

அத்தை மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டேவானின் முன்பக்கத்தில் அழகான படிக்கட்டு இருந்தது. நான் எப்படி ஏறுவேன் என்று மலாயில் கேட்டார். கவலை வேண்டாம், மீட்புக் குழு வந்து உங்களைத் தூக்கிக்கொண்டு போகும் என்று அந்தப் பெண் மிகவும் அன்பாகச் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை தன் நாற்காலியை அப்பா பக்கம் திருப்பினார். பிறகு டிசம்பர் குரல் வந்தது.

"தம்பி, போய்க் குடிலத் தூக்கிட்டு வா."

அம்மா பதறினார். திருநாள் முடியாமல் குடிலை அசைக்கக் கூடாதே! ஆனால் அப்பா ஏற்கெனவே எழுந்துவிட்டார், கூடவே அங்கிளும் மக்சிக்கின் மகன்களும். அதே நாலு தோளில் அதே கதவு சந்து வழியாக வந்தது. சூராவும் சீனக் கோயிலும் ஆடியபடி வர, உச்சியில் குழந்தை இயேசு கையை விரித்துக்கொண்டு வந்தார். தேர்பவனிக்கு வருவதுபோல் சனம் பின்னால் சேர்ந்துகொண்டது. நான் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கதவை இரண்டு மேசைமேல் வைத்தார்கள். ஊற்றுடி என்றார் அத்தை. ஊற்றினேன். காப்பிக்கடை முங்கியது, சூராவ் வாசல் முங்கியது, இடையர்கள் விழுந்தார்கள். எங்கள் வீடு மட்டும் ஒரு சொட்டுப் படாமல் கம்பீரமாக நின்றது. கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் என் கடை வாசலில் வந்துதானே நின்றது டீச்சர், அது எந்த மலையிலிருந்து இறங்கி வந்தது என்று அங்கிள் கேட்டார்.

அத்தை தப்பு என்று ஒப்புக்கொண்டதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவர் முகம் சிவந்தது. திட்டப் போகிறார் என்று நான் பூவாளியோடு ஒதுங்கினேன். அவர் கையை நீட்டித் தொழுவத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சிமெண்டுக் காகித மேட்டை உள்ளங்கையால் அமுக்கித் தரைமட்டமாக்கினார். தொழுவத்தை அந்தப் பள்ளத்தில் இறக்கி வைத்துவிட்டு, இப்போது நீங்கள் உங்கள் வீட்டைச் சரியாக்குங்கள் என்றார்.

அவ்வளவுதான், ஊரே கதவைச் சூழ்ந்துகொண்டது. அங்கிள் தன் கடையில் கோப்பை அடுக்கும் தட்டுவரை தண்ணீர் வந்ததென்று காட்டி, கடையை இறக்கினார். மக்சிக் தன் தையல் மெஷின் தப்பியதைச் சொல்லி வீட்டைக் கொஞ்சம் உயர்த்தினார். ஒருவர் உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டுமே! யார் வீட்டில் அதிகத் தண்ணீர் என்பதில் எல்லாருக்கும் திடீரென்று பெருமை வந்துவிட்டது. அந்த அதிகாரி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்து, தன் கையிலிருந்த அளவுகளோடு ஒவ்வொரு தீப்பெட்டியையும் ஒத்துப் பார்த்தார். ஒத்துப்போகும் போதெல்லாம் அவர் என்னைவிடச் சின்னப் பிள்ளையாகக் குதித்தார்.

மறுபடி ஊற்றினேன். இந்தத் தடவை சிரிப்பில்லை. ஆறு பொங்கித்தான் வெள்ளம் வருகிறது என்று சாதித்தவர்கள் எல்லாம் கதவின்மேல் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் முதலில் ஏறியது பின்பக்கத்து லோங்காங்கிலிருந்து. பெரிய சாக்கடைதான், யாரும் கண்டுகொள்ளாதது. அங்கிருந்து எங்கள் வரிசைக்கு முன்னால் வந்து வழியை அடைத்துவிட்டது. டேவான் வரப்போகும் இடம் காய்ந்து கிடந்தது. ஆனால் எங்கள் வரிசையிலிருந்து அங்கே போக வழியில்லை.

அத்தை கால் உடைந்த ஒரு ஆட்டுக்குட்டியை எடுத்து எங்கள் வீட்டு வாசலில் வைத்தார். இது நான், எப்படிப் போவேன் என்றார். பையிலிருந்து டியூஷன் ரூலரை எடுத்தார். எங்களையெல்லாம் அடித்த அதே மர ரூலர். அதை எங்கள் வாசலிலிருந்து வீட்டு வரிசையை ஒட்டியே டேவான்வரை படுக்க வைத்தார். படிக்கட்டு இல்லை, ஒரே சாய்வு. மூன்றாவது பூவாளித் தண்ணீரில் ஒட்டகம் போனது, மூன்று ராஜாக்கள் போனார்கள், பச்சைப்பயறுத் திடலின் ஓரம் பெயர்ந்து மிதந்தது. ரூலர்மேல் ஆட்டுக்குட்டி நனையாமல் நின்றது.

அந்தப் பெண் கண்கள் பளபளக்க, "போலே, சிக்கு!" என்றார். முடியும் டீச்சர் என்று அர்த்தம். கொட்டகையில் கைதட்டல் அடங்கவே இல்லை. ராஜாக்கள் இல்லாமல் ராஜாக்கள் திருநாளா என்று அம்மா புலம்பியபோது, வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாக அத்தை வாய்விட்டுச் சிரித்தார்.

கட்டி முடிக்க நாளானது. இடையில் கூட்டங்கள், சண்டைகள், இன்னும் கூட்டங்கள். லோங்காங் அகலமானது. டேவான் தூண்மேல் ஏறியது, அடுப்படியும் மேலேயே போனது, படிக்கட்டு இருந்த இடத்தில் சாய்தளம் வந்தது. எங்கள் வாசலிலிருந்து கைப்பிடி வைத்த உயர்ந்த பாதை ஒன்று ஒவ்வொரு வீட்டையும் தொட்டுக்கொண்டு டேவானுக்குப் போனது. சந்துப் பிள்ளைகள் அதற்கு ரூலர் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அதுதான் பெயர்.

பாதை முடிந்ததும் சாயங்காலம் தவறாமல் அத்தை பூட்டிக் கிடக்கும் டேவான்வரை தனியாகப் போய்த் திரும்பி வருவார். எதற்கு என்று கேட்டால் காற்று வாங்க என்பார். வீட்டில் இல்லாத காற்றா என்று எனக்கு ஆச்சரியம்.

ஆறாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு மறுபடி பெருமழை, மறுபடி கடலேற்றம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எச்சரிக்கை வந்தது. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தையோ நெத்திலிச் சம்பல் சட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு தானே வாசலைத் தாண்டிவிட்டார். நாற்காலியைத் தள்ள அப்பா கை வைத்தார்.

"கைய எடு தம்பி."

அவர் முன்னால் போக, சந்து முழுவதும் பின்னால் போனோம். மெதுவாகத்தான் போனார். ஒருவரும் முந்தவில்லை. அங்கிள் காப்பித்தூள் டின்னோடும், மக்சிக் தையல் மெஷினோடும் பொறுமையாக நடந்தார்கள். இரண்டு பக்கமும் பழுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாதைமேல் மழை மட்டும்தான். அப்பா வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அழுதுகொண்டே சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அத்தை போட்ட ரூலர்மேல் அல்லவா அத்தனை பேரும் நடந்தார்கள்! டேவானில் நுழைந்ததும் அத்தை வரிசையில் நிற்கச் சொல்லி எல்லாரையும் அதட்ட ஆரம்பித்தார். சந்தில் ஒரு உயிருக்கும் ஒரு கீறல் இல்லை. சம்பல் போதவில்லை என்பதுதான் அன்றைய ஒரே புகார்.

என் புகார் வேறு. பாதி வழியில், மாடி வீட்டுக்காரர்கள் முன்போலவே எட்டிப் பார்க்க, கைப்பேசிகளும் நீண்டபோது, மழை அத்தையின் முகத்தில் நேராக அடித்தது. அன்றைக்கு வேண்டுமென்று கேட்டாரே என்று நான் ஞாபகமாகத் துண்டைக் கொண்டுவந்திருந்தேன். ஓடிப்போய் நீட்டினேன். அத்தை அதைத் தள்ளிவிட்டு, தலையை நிமிர்த்தி மாடிகளைப் பார்த்தபடியே சக்கரத்தை உருட்டினார்.

"நனைஞ்சிருவீங்க அத்தே!"

"நனையட்டும்டி."

சாப்பிடக் கூப்பிட்டும் நான் போகவில்லை. இவ்வளவு தூரம் நனையாமல் பொத்திக் கொண்டுவந்தும் யாருக்கும் வேண்டாமல் போன அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, டேவான் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன்.